முள்வேலி என்று சொன்ன தழும்பு

என் வலது முழங்காலில் நான்கு தழும்புகள் இருக்கின்றன. மூன்று, மிளகு அளவுப் புள்ளிகள். நான்காவது, மூட்டுக்குக் கீழே பாதி சுண்டுவிரல் நீளத்துக்கு நேராக ஓடும் ஒரு கோடு. அறுந்துபோன ஜவ்வுக்குப் பதிலாக என் தொடையிலிருந்தே ஒரு நாரை உருவி உள்ளே வைத்துத் தைத்தார்கள். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. இவ்வளவுதான் விஷயம். இதை இப்படி நேராகச் சொல்ல எனக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது.

நான் கபடி ஆடியவள். எதிரணிக் கட்டத்துக்குள் பாடிக்கொண்டு போய், தொட்டுவிட்டுத் திரும்புவது என் வேலை. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கெல்லாம் கபடி தெரியும், அதனால் அதில் பெருமை ஒன்றும் இல்லை. மாநில அணிக்கு ஆடினேன், தேசிய முகாமுக்குப் பெயர் போகப்போகிறது என்று பேச்சு இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு போட்டியில் திரும்பும்போது கால் ரப்பர் விரிப்பில் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. பட்டென்று ஒரு சத்தம். முன்வரிசையில் கடலை தின்றுகொண்டிருந்தவர்களுக்கே கேட்டிருக்கிறது.

அப்பாவும் நானும் திருச்சிக்குப் போனோம். டாக்டர் படத்தைக் காட்டி, ஆபரேஷன் செய்தால் ஒன்பது மாதத்தில் ஆடலாம், செய்யாவிட்டால் ஆட்டத்தை மறந்துவிடலாம் என்றார். செய்துகொண்டோம். யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பயிற்சியாளர் போனில் சொன்ன ஒரு வாக்கியம்தான் காரணம்: "கத்தி பட்ட காலுன்னு தெரிஞ்சா லிஸ்ட்ல பேரே வராதும்மா." அவர் பொய் சொல்லவில்லை. யாரோ சொன்னதை நம்பிச் சொன்னார். நானும் நம்பினேன்.

ஆட்டம் பார்க்க வந்திருந்த எங்கள் ஊர்க்காரர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தார்கள். அதனால் கால் எப்படிச் சரியானது என்பதற்கு ஊருக்கு ஒரு கதை தேவைப்பட்டது. எங்கள் பக்கத்தில் கை கால் பிசகினால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, பேராவூரணி வைத்தியரிடம் காட்டினாயா என்பதுதான். மூன்று மாதம் திருச்சியிலேயே தங்கி, தையல் ஆறி, ஊன்றுகோலை விட்ட பிறகு, நான் அவரிடம் போனேன். வைத்தியத்துக்காகப் போகவில்லை. போனதை நாலு பேர் பார்க்கவேண்டும் என்பதற்காகப் போனேன்.

பேராவூரணியைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்கு நடுவே அவர் வீடு. முன்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. தேங்காய் பறிக்க ஏறி விழுந்தவர்கள்தான் அவருக்கு முக்கால்வாசிப் பேர். உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் துணியில் தடவி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டுவார். நான் அவரைப் பற்றி முதலில் சொல்லவேண்டியது இது: அவர் எல்லாவற்றையும் குணமாக்குவதாகச் சொல்லிக்கொண்டவர் இல்லை. எலும்பு வெளியே தெரிந்தாலோ, விரல் நீலம் பாரித்தாலோ, மூட்டுக்குள் சத்தம் கேட்டு விலகியிருந்தாலோ, எண்ணெயைத் தொடவே மாட்டார். ஆட்டோவை வரச்சொல்லி அவரே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அவர் கெட்டிக்காரத்தனத்தில் பாதி இதில்தான் இருந்தது.

பெண்களின் காலை அவர் தொடுவதில்லை. குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இந்தப் பக்கம் அவர் மனைவி எண்ணெய் போட்டு நீவுவார். அந்தப் பக்கம் வைத்தியர் முக்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். விரல் எங்கே அழுந்துகிறது, எங்கே வலிக்கிறது, எங்கே சூடு என்று மனைவி சொல்லச் சொல்ல, அடுத்து என்ன செய்வதென்று அவர் சொல்வார். நாற்பது வருடமாக அப்படித்தான். அந்தச் சேலைதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

"விழுந்தப்ப உள்ள சத்தம் கேட்டுச்சாம்மா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ஊரே கேட்ட சத்தம். "கேட்டுச்சுங்க ஐயா."

"அப்ப இது என் வேலை இல்லைம்மா. தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போ. நேரத்தக் கடத்தாத."

எழுந்து வந்திருக்கலாம். நான் அழுதேன். ஆபரேஷன் என்றால் என் ஆட்டம் போச்சு ஐயா, உங்களைத்தான் நம்பி வந்திருக்கிறேன் என்று சேலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். அழுகை நடிப்பு இல்லை, மூன்று மாதப் பயமெல்லாம் அதில் இருந்தது. சொன்னது மட்டும் பொய். அந்தப் பக்கம் முக்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "முப்பது நாள் பாக்குறேன். தேறலன்னா நானே உன்னை வண்டியில ஏத்தி விட்டுடுவேன்" என்றார்.

அவர் மனைவி எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு என் முழங்காலைப் பார்த்தார். நான்கு தழும்புகளும் அப்போது இளஞ்சிவப்பாக இருந்தன.

"இது என்னம்மா?"

"முள்வேலிங்க. சின்ன வயசுல கிழிச்சது."

அவர் அந்தக் கோட்டின்மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினார். "முள்ளு இவ்வளவு நேராவா கிழிக்கும்?" என்றார், சிரித்துக்கொண்டே. சேலைக்கு அந்தப் பக்கத்துக்கு எதுவும் சொல்லவில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வெள்ளை நூலை எடுத்து மெலிந்துபோன தொடையைச் சுற்றி அளந்து, அளவு வரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுவார்கள். வாராவாரம் ஒரு முடிச்சு. சதை தேறினால் முடிச்சு வெளியே நகரும். இரண்டாவது வாரமே என் முடிச்சு நகர்ந்தது. நகராமல் என்ன செய்யும்? காலையில் திருச்சி டாக்டர் எழுதிக்கொடுத்த பயிற்சிகளைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் செய்துவிட்டு, மதியம் வைத்தியர் வீட்டுக்கு நொண்டிக்கொண்டே போவேன். பத்தியம் என்று கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை எல்லாவற்றையும் நாற்பத்தெட்டு நாள் விலக்கச் சொன்னார். தலையை ஆட்டினேன். புரதம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அதிராம்பட்டினத்திலிருந்து அப்பா தினமும் மீன் வாங்கி வந்தார். இரண்டு வேளையும் தின்றேன்.

நான்காவது வாரம் வைத்தியர் நூலை வாங்கித் தன் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது சேலையின் நிழலில் தெரிந்தது. "நம்ப முடியலையே" என்றார், தனக்குத்தானே. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. சத்தம் கேட்ட மூட்டு தன் கையால் தேறும் என்று அன்றுதான் அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருக்கவேண்டும்.

அடுத்த வருடம் முகாமுக்குப் போனேன். அங்கே போன முதல் நாள் நான் தெரிந்துகொண்டதை நினைத்தால் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியாது. என் அறையில் நான்கு பேர். அதில் இருவர் முழங்காலில் அதே நான்கு தழும்பு. முகாமின் பிசியோ என் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லாப் பண்ணியிருக்காங்க, எங்கே பண்ணினீங்க என்று மட்டும் கேட்டார். குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். லிஸ்டில் பெயர் வராது என்பதெல்லாம் யாரோ கட்டிவிட்ட கதை. கத்தி பட்ட கால்கள்தான் அங்கே பாதி.

இன்னொன்றும் பார்த்தேன். எல்லோர் பெட்டியிலும் அவரவர் ஊர் மருந்து ஒன்று இருந்தது. கேரளத்துப் பெண்ணிடம் தைலம், ஹரியானாப் பெண்ணிடம் நெய்யில் குழைத்த மஞ்சள், இன்னொருத்தியிடம் பெயர் தெரியாத ஒரு வேர். ஆபரேஷனும் செய்துகொண்டார்கள், அம்மா கொடுத்தனுப்பிய எண்ணெயும் தேய்த்துக்கொண்டார்கள், இரண்டையும் வெளியே சொன்னார்கள். என்னைப்போல ஒன்றை மறைக்க இன்னொன்றைப் போர்த்திக்கொண்டவள் அங்கே யாரும் இல்லை. முகாம் டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: தேய்ப்பதைத் தேய்த்துக்கொள்ளுங்கள், என்னைக் கேட்காமல் எதையும் விழுங்காதீர்கள்.

ஆக, மறைக்கத் தேவையே இல்லை என்று தெரிந்த பிறகுதான் நான் பெரிய பொய்யைச் சொன்னேன். வெளிநாட்டில் ஒரு போட்டியில் ஆடிவிட்டு ஊர் திரும்பியபோது பள்ளி மைதானத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்ததும் என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். எதிரே அவ்வளவு கூட்டம். வைத்தியரை மேடைக்குக் கூப்பிட்டேன். "ஒரு கத்தி படாம, ஒரு ஊசி போடாம, என் காலை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் இவர்தாங்க" என்று சொல்லி அவருக்குச் சால்வை போட்டேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவர் கூச்சத்தில் சால்வையின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் இருக்க நான் கழுத்தைக் கொஞ்சம் கஷ்டப்பட்டுத் திருப்பி வைத்திருந்தேன்.

ஏன் சொன்னேன்? எனக்குப் பிடித்திருந்தது. ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவள் என்றால் அப்படியா என்பார்கள். கத்தி படாமல் வந்தவள் என்றால் கண்ணை விரிப்பார்கள். அந்த விரிந்த கண்களுக்காகச் சொன்னேன். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

இந்தியா என்று எழுதிய சட்டையோடு நான் அவர் பக்கத்தில் நிற்கும் படம் கொட்டகையில் ஏறியது. அப்புறம் விளையாட்டுப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். கபடி, வாலிபால், ஓட்டம். மாநில அளவு, தேசிய அளவு என்று சொல்லிக்கொண்டு புதுக்கோட்டையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்தார்கள். பெரும்பாலும் சுளுக்கு, தசைப்பிடிப்பு. அதிலெல்லாம் அவர் கை நல்ல கை. குணமாகிப் போனார்கள்.

ஒரு வருடம் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. நான் அப்போது முகாமில் மதியச் சாப்பாடு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்.

"அக்கா, நான் திருவாரூர்லேருந்து பேசுறேன். ஜூனியர் டீம் கேப்டன். ஒரு டோர்னமெண்ட்ல உங்க கையால கப் வாங்கியிருக்கேன்."

ஞாபகம் இருந்தது. ஒல்லியான பெண், பாம்பு மாதிரி நழுவுவாள். அவளையும் முகாமுக்கு எடுக்கப்போகிறார்கள் என்று என் காதிலேயே விழுந்திருந்தது.

"முழங்கால் போயிடுச்சுக்கா. சத்தம் கேட்டுச்சு. ஸ்கேன் எடுத்தாச்சு. டாக்டர் ஆபரேஷன்தான்ங்கிறாரு, அப்பாவும் சரின்னுட்டாரு. நான்தான் உங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு நிறுத்தி வச்சிருக்கேன். ஆபரேஷன் இல்லாம உங்களுக்கு நெசமாவே சரியாச்சாக்கா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் அறைத்தோழி அரைக்கால் சட்டையோடு நின்று தட்டைக் கழுவினாள், அவள் முழங்காலில் அதே நான்கு தழும்பு. இல்லை, எனக்கு ஆபரேஷன் ஆனது, நீயும் செய்துகொள் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொன்னால் அவள் அப்பாவிடம் சொல்வாள், அவர் ஊரில் சொல்வார், சால்வை போட்ட மேடை என்ன ஆவது என்று என் புத்தி ஓடியது. ஒரு பெண்ணின் காலை ஒரு சால்வையோடு எடை போட்டுப் பார்த்தேன்.

"எனக்கு ஐயாதான் பாத்தாரு. அவர் சொல்றபடி கேளு" என்றேன். அவள் போனை வைக்கவில்லை. இன்னும் ஏதாவது எதிர்பார்க்கிறாள் என்று தோன்றியது. அக்கறையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "பத்தியத்தை மட்டும் விட்டுடாத. என்னை அதுதான் காப்பாத்துச்சு" என்று சேர்த்துக்கொண்டேன்.

அவளை வைத்தியர் நான்கு மாதம் பார்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கால் விலகி விலகி விழுந்து, உள்ளே இருந்த குருத்தெலும்பெல்லாம் தேய்ந்துபோன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்துவிட்டு, நடக்கலாம், ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் கேட்டுக்கொண்டேன். யாருக்கும் போன் செய்யவில்லை. அந்த வருடமும் ஆடினேன், அடுத்த வருடமும் ஆடினேன்.

போன வருடம் ஆட்டத்தை நிறுத்தினேன். அதற்கப்புறம் திருவாரூரில் ஒரு கல்லூரிப் போட்டிக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். புள்ளிக்கணக்கு எழுதும் மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். மேசையில் கையை ஊன்றி, முதலில் இடது காலை நேராக்கி, பிறகு வலது காலை இழுத்து எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

பரிசளிப்புக்கு முன்னால் கிடைத்த இடைவெளியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வேற யாருக்கும் தெரியாது" என்றாள். "நான் பத்தியத்தை விட்டுட்டேன்க்கா. ஒரே ஒரு நாள். மாமா வீட்டுக்குப் போனப்ப கருவாட்டுக் குழம்பு வச்சிருந்தாங்க. வாசனைக்கு நிக்க முடியல, ரெண்டு துண்டு தின்னுட்டேன். அடுத்த வாரமே காலு விலகுச்சு. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. நான்தான் கெடுத்துக்கிட்டேன். பாவம் வைத்தியர் ஐயா, அவர் தன்மேலதான் தப்புன்னு நினைக்கிறாரு. அவர்கிட்ட சொல்லவும் பயமா இருக்கு."

விசில் அடித்தார்கள். பரிசு கொடுக்க என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் போய்விட்டேன். அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனேன் என்பதையும் எழுதித் தொலைக்கவேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை, சாப்பாட்டில் மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு பேராவூரணிக்கு பஸ் ஏறினேன்.

மத்தியானம். கொட்டகையில் கையொடிந்த ஒருவர் கட்டோடு கிளம்பிக்கொண்டிருந்தார். விளையாட்டுப் பிள்ளைகளை இப்போது பார்ப்பதில்லை என்றார் வைத்தியர். என்னைக் கண்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். உள்ளே போய் இரண்டு நூல்களைக் கொண்டுவந்து தன் தொடைமேல் நீட்டி வைத்தார்.

"இது உன்னோடது. முடிச்சு ஒவ்வொண்ணா வெளிய போவுது பாரு. இது அந்தத் திருவாரூர்ப் பொண்ணோடது, உள்ள உள்ள வருது. அதே எண்ணெய், அதே கட்டு, அதே கை. எங்க தப்பு விட்டேன்னு மூணு வருஷமாப் பாக்குறேன், புரியல. நீ வந்தா கேக்கணும்னு இருந்தேன். மொத வாரம் உனக்கு என்ன பண்ணினோம், ஞாபகம் இருக்கா?"

சொன்னேன். திருச்சி, ஆபரேஷன், கதவைச் சாத்திச் செய்த பயிற்சி, மீன், மேடை, போன் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"சத்தம் கேட்டுச்சான்னு உன்னைக் கேட்டேன்ல?"

"கேட்டீங்க ஐயா."

"போன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"அந்தப் பொண்ணையும் கேட்டேன். சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னா. உன் காலையே சரி பண்ணிட்டமேன்னு வச்சுக்கிட்டேன். இல்லன்னா அன்னிக்கே வண்டியில ஏத்தி விட்டிருப்பேன்."

அவர் மனைவி வாசற்படியில் நின்றிருந்தார். "முள்ளு அப்படிக் கிழிக்காதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "நீ அழுத அழுகைக்கு மனசு கேக்கல, வாயை மூடிக்கிட்டேன். எம்மேலயும் தப்பு இருக்கு." அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

வைத்தியர் என்னைத் திட்டவில்லை. சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "அதை நீயே கழட்டிடு" என்றார். முக்காலிமேல் ஏறினேன். என் வலது கால் ஒரு நடுக்கம் இல்லாமல் என்னைத் தூக்கி நிறுத்தியது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கியபோது, "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க ஐயா. இங்கதான் முதல்ல வந்தேன்."

"அங்கதான மொதல்ல போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து நேராகத் திருவாரூர் போனேன். அவள் வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். அம்மா காபி போட உள்ளே போனார். அவள் நாற்காலியில் வலது காலை நீட்டி வைத்திருந்தாள். நான் புடவையை முழங்கால்வரை தூக்கி நான்கு தழும்புகளையும் அவளுக்குக் காட்டினேன். அவளுக்கும் இப்போது ஆஸ்பத்திரித் தழும்பு இருந்ததால் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் தன் காலைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். எப்போது என்று கேட்டாள். சொன்னேன். தான் எனக்கு போன் செய்தபோது இது இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன்.

நீட்டி வைத்திருந்த காலை மெதுவாகக் கீழே இறக்கினாள். பிறகு அவள் கேட்டது நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை.

"அப்ப, அந்தக் கருவாட்டால இல்லையா?"

"இல்லம்மா. நான் தினமும் மீன் தின்னேன்."

அவள் முகம் கோணியது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் உள்பக்கம் திரும்பி, "அம்மா, அடுப்பை அணைச்சிட்டு இங்க வா" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இப்ப எங்கிட்ட சொன்னதை அம்மாகிட்டயும் சொல்லுங்க" என்றாள் என்னிடம். "மொதல்லேருந்து சொல்லுங்க. நான் போன் பண்ணினதை விட்டுடாதீங்க."

அக்கா என்று அவள் சொல்லவில்லை. புடவையை மறுபடி முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.